இசைத்தட்டில் இரைச்சல்: எங்கிருந்து, ஏன்?

இசைத்தட்டு ஓடும்போது பாட்டோடு சேர்ந்து கேட்கும் வேண்டாத ஒலிகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. 'ம்ம்' என்று ஒரே சீராக நிற்பது மின்சாரத்தின் வேலை. அடியில் 'கடகட' என உருள்வது மோட்டாருடையது. 'பட் பட்' என்ற வெடிப்பு தட்டிலிருந்து வருகிறது. ஓயாத 'சர்ர்' பெரும்பாலும் முள்ளிலிருந்து. எது என்று காதால் பிரித்துப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது வீண் வேலை.

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எழக் காரணம் உண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் இசைத்தட்டுகளை விற்றவர். கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் பெரிய வீடுகளில் கிராமபோனும் பின்னாளில் ரேடியோகிராமும் இருந்தன. அவற்றில் பல இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கி வந்து பிளக்கைச் சொருகியதும் முதலில் கேட்பது பாட்டு அல்ல, இரைச்சல்தான்.

முள்ளைத் தட்டில் வைக்காமல், மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கூட்டிப் பார்ப்பது முதல் சோதனை. அப்போதும் ஒலி இருந்தால் தட்டும் முள்ளும் குற்றமற்றவை. மோட்டாரை ஓடவிட்டதும் தொடங்கினால் குறை அந்தப் பக்கம். முள் பதிந்த பிறகே கேட்டால் முள், தட்டு, சுழலும் மேடை ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

'ம்ம்' இரைச்சல் இவ்வளவு பெரிதாகக் கேட்பது ஏன்? முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் அளவுதான். ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி அதை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குகிறது. இது போதாதென்று, எல்பி தட்டில் கனத்த ஒலிகளைக் குறைத்தே பதிந்திருப்பார்கள்; 1954-இல் வந்த ரியா (RIAA) என்ற பதிவுத் தர முறைப்படி, கேட்கும்போது அவற்றைத் திரும்ப உயர்த்தியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அந்த உயர்வு 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் சுமார் ஏழு மடங்கு. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். எனவே ஒயரில் துளி மின்சார இரைச்சல் ஏறினாலும் அது ஸ்பீக்கரில் பூதமாகிவிடுகிறது.

டர்ன்டேபிளின் பின்னாலிருந்து வரும் மெல்லிய தனி எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் அதற்கென உள்ள திருகில் இறுக்கினாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். முள் தாங்கும் கையைத் தொட்டதும் இரைச்சல் கூடியோ குறைந்தோ போனால் எர்த் சரியில்லை என்று பொருள். பழைய மரச்சட்ட வயரிங்கும் இரண்டு பின் பாயிண்டும் மாறாத வீடுகளில் சுவரிலேயே எர்த் இருக்காது. அங்கே எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். இரைச்சல் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது ஆபத்து. பழைய வால்வு செட்டுகள் சிலவற்றில் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும் என்பதால், மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருக்கே உரியது. அந்த செட்டுகளில் சற்று உயர்ந்த சுருதியில், 100 ஹெர்ட்ஸில் இரைந்தால் காய்ந்துபோன கண்டென்சரே பெரும்பாலும் காரணம்.

'ம்ம்' என்பதற்குப் பதிலாக 'ஜ்ர்ர்' என்று கரகரத்தால் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை நிறுத்திப் பார்க்கலாம். கரன்ட் போனபோது மட்டும் கேட்டால் அது சதுர அலை இன்வெர்ட்டரின் கொடை.

உருளும் ஒலிக்குக் காரணம் பேரிங் காய்ந்தது, அல்லது மேடையைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கெட்டது. வருடக்கணக்கில் ஓடாமல் மோட்டார் தண்டோடு அழுந்திக் கிடந்த ரப்பரில் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் 'தும்' என இடிக்கும். பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்குக் கடிகாரமே துப்பு: 33⅓ வேகத்தில் 1.8 நொடிக்கு ஒருமுறை, 78-இல் 0.77 நொடிக்கு ஒருமுறை வந்தால் தட்டில் கீறல். வேறு தட்டிலும் அதே இடைவெளி தொடர்ந்தால் சுழலும் மேடையைப் பார்க்க வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் ரப்பர் சக்கரம்.

வீடும் ஒரு கட்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைத்தள ஹால் டர்ன்டேபிளுக்கு உகந்த இடம், தரை அசையாது. மர உத்திரம் தாங்கும் மாடியில் யாராவது நடந்தாலே முள் குதிக்கும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேஜையில் இருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளில் ஏறி, திரும்ப ஸ்பீக்கருக்குப் போய், கடைசியில் ஊளையாகிறது. இரண்டையும் பிரித்து வைத்தால் நின்றுவிடும்.

'சர்ர்' பற்றிய தவறான தீர்ப்புகளே அதிகம். அரக்கில் வார்த்த 78 தட்டின் தடத்துக்கு 75 மைக்ரான் முனையுள்ள முள் வேண்டும். எல்பி முள்ளின் முனை சுமார் 25 மைக்ரான், அல்லது அதற்கும் குறைவு. எல்பி முள்ளை வைத்தால் தடத்தின் சுவரைத் தொடாமல் அடியிலுள்ள அழுக்கில் உழும். தட்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவது இதனால்தான். சாவி கொடுக்கும் கிராமபோனிலோ கதை தலைகீழ். அங்கே தட்டோடு கலந்த கல்பொடி எஃகு ஊசியைத் தேய்த்துத் தடத்துக்குப் பொருந்தச் செய்கிறது. எனவே ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கணக்கு; மிச்சம் பிடிப்பவர் தட்டைத்தான் இழப்பார். எல்பியை அந்த ஊசிக்குக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் போயிற்று.

அரக்குத் தட்டைத் துடைக்க ஸ்பிரிட் ஆகவே ஆகாது, அரக்கு கரைந்துவிடும். லேபிளில் படாமல், மென்மையான சோப்பு ஒரு துளி கலந்த நீரில் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். எல்பிக்கு டிஸ்டில்ட் வாட்டரில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு 78 தட்டில் மிஞ்சும் சலசலப்பை ஓரளவு குறைக்கலாம். அவற்றில் பாட்டு பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்திருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் சேர்த்து எடுப்பதால் தூசும் குழியும் கேட்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் அந்தப் பங்கு நீங்கிவிடும். 1925-க்கு முன், மைக் இல்லாமல் கூம்பு வழியே பதிந்த தட்டுகளில் உச்ச ஒலிகள் அநேகமாக இல்லை. அவற்றுக்கு ட்ரெபிளையும் தாராளமாகக் குறைக்கலாம்.