கால் தொடங்க, கருவி முடிக்கும்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியே செல்கிறது. திருச்சுழி வட்டாரத்துச் சாலைகளோ கரிசல் காட்டினூடே செல்பவை. மாலையில் ஆட்டுமந்தைகள் இச்சாலைகளைக் கடப்பது அன்றாடக் காட்சி. சீமைக்கருவேல மறைவிலிருந்து ஓர் ஆடு திடுமென வெளிப்படுகிறது. அதன்பின்னே மேய்ப்பவரும் வருகிறார். விரைந்து வரும் மகிழுந்து உரிய இடத்தில் நிற்குமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். ஆடு 55 மீட்டர் தொலைவில் தென்படுகிறது எனக் கொள்வோம். கண்டு, உணர்ந்து, காலை பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு நொடி கழிந்தால் வண்டி 20 மீட்டர் கடந்திருக்கும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக்கை முழுவிசையுடன் அழுத்தினால் மேலும் ஏறத்தாழ 25 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பாதி விசையே கிடைத்தால் 50 மீட்டர் தேவைப்படும். முதல் வண்டி ஆட்டுக்குப் பத்து மீட்டர் முன்பே நிற்கும். இரண்டாவது வண்டியோ அவ்விடத்தை மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் தாக்கும். ஓர் உயிரின் வாழ்வும் சாவும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

நெருக்கடியில் ஓட்டுநர் பலர் பிரேக்கை விரைவாக மிதிக்கின்றனர். ஆனால் போதிய அளவு அழுத்துவதில்லை. ஆய்வுகளில் வெளிப்பட்ட இக்குறையைப் போக்க, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் ‘பிரேக் அசிஸ்ட்’ என்னும் அவசர பிரேக் உதவி அமைப்பை அறிமுகப்படுத்தியது.

இதன் செயல்பாடு எளிது. பிரேக் மிதிகட்டை எவ்வளவு வேகமாகக் கீழிறங்குகிறது என்பதை உணரி ஒன்று அளக்கிறது. அவ்வேகம் குறித்த எல்லையைத் தாண்டினால், இஃது அவசரநிலை என மின்னணுக் கட்டுப்பாட்டகம் முடிவு செய்கிறது. உடனே விசைப்பெருக்கியிலுள்ள மின்காந்த வால்வு திறந்து, பிரேக்கிற்கு முழு அழுத்தத்தையும் அளிக்கிறது. இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் எக்கி ஒன்று இப்பணியைச் செய்கிறது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்காதவாறு ஏபிஎஸ் அமைப்பு காக்கிறது. ஓட்டுநர் காலை எடுத்ததும் உதவியும் நின்றுவிடும்.

தானியங்கி அவசர பிரேக் என்பது இதனின் வேறானது. அது ரேடார், ஒளிப்படக்கருவி ஆகியவற்றால் தடையைக் கண்டு தானே வண்டியை நிறுத்த முயலும். பிரேக் உதவி அமைப்போ ஓட்டுநரின் கால் மிதித்தாலன்றிச் செயல்படாது.

எனவே இவ்வமைப்பு விழிப்புணர்வுக்கு மாற்றாகாது. ஓட்டுநர் கைப்பேசியைப் பார்க்கும் ஒரு நொடியில் இழக்கும் 20 மீட்டரை எக்கருவியாலும் மீட்டுத்தர இயலாது. நெடுநாள் வறண்டு புழுதி படிந்த சாலையில் முதல்மழை பெய்யும்போது வழுக்கல் மிகும். தேய்ந்த டயர் பற்றிழக்கும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு நான்மடங்காகும் என்பது இயற்பியல் விதி. கால் தொடங்கியதைக் கருவி முடிக்கும்; தொடங்க வேண்டிய பொறுப்பு என்றும் மனிதருடையதே.