"ஜோஷிக்கு வாழ்த்துச் சொல்!" அடம்பிடித்த கம்ப்யூட்டர் வைரஸ் ஒழிந்தது எப்படி?

ஜனவரி 5-ந்தேதி. ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் எதுவும் நகராது. திரையில் ஒரே உத்தரவு. "ஹேப்பி பர்த்டே ஜோஷி" என்று டைப் அடிக்க வேண்டும். அடித்தால்தான் விடுதலை!

1990-ல் நம் நாட்டில் பிடிபட்ட ஜோஷி வைரசின் சேட்டை இது. கிருமி அல்ல, எவனோ ஒரு கில்லாடி எழுதிவிட்ட குட்டிப் புரோகிராம். வெளிநாடுகளுக்கும் பரவியது.

டிக்கெட் இல்லாத பயணம்

அப்போது ஆபீசுகளில் இன்டர்நெட் ஏது? எல்லாம் பிளாப்பி தட்டு சவாரிதான். கடலூர் மஞ்சக்குப்பம் ஆபீசில் ஒரு குமாஸ்தா கணக்கைப் பிளாப்பியில் ஏற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சுமார் 45 கிலோமீட்டர், வைரசும் ஓசியில் கூடவே வரும்.

சிதம்பரத்தில் வேலை முடிந்தும் பிளாப்பியை உருவ மறந்து, மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் போச்சு. உள்ளே குடியேறிவிடும். அப்புறம் அதில் நுழைக்கிற பிளாப்பிக்கெல்லாம் தொற்றும்.

காலரா கணக்குதான். கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று, சுத்தம் செய்யப்படுவதற்குள் ஒன்றுக்கு மேல் கெடுத்தால் வைரஸ் பெருகும். ஒன்றுக்குக் குறைந்தால் தேயும். ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் நோய் பரவும் கணக்கை வைத்தே இதை ஆராய்ந்தார்கள்.

பஸ் நின்றது

போலீஸ் பிடித்து ஜோஷி ஒழியவில்லை. வைரஸ் துடைக்கும் புரோகிராம்கள் வந்தன. பிறகு பிளாப்பியே காணாமல் போனது. ஏறி வந்த பஸ்சையே நிறுத்திவிட்டால் எங்கே போகும்?

அடுத்த வண்டி பென் டிரைவ். 2008-ல் கிளம்பிய கான்பிக்கர் அதிலும் ஏறி உலகைச் சுற்றியது. சொருகியதும் தானாக ஓடும் வசதியை 2011 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸ்களிலும் அடைத்தது. அதன் பிறகுதான் இந்த ரகம் இளைத்தது.

ஆனால் சாகவில்லை. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்தான் அதற்குச் சத்திரம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாப்ட் கைவிரித்துவிட்டது. பரீட்சை சமயத்தில் ஜெராக்ஸ் கடையில் அப்படியொரு பழைய பெட்டி இருந்தால், வரிசையில் நிற்கிற அத்தனை மாணவர்களின் பென் டிரைவும் அதில்தானே நுழையும்? ஒருவருடைய வைரஸ், பிராஜெக்டோடு எல்லார் வீட்டுக்கும் போகும்.

கல்யாணப் பத்திரிகை வேஷம்

இப்போதைய வண்டி வாட்ஸ்அப். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத சலான் என்ற பெயரில் 'ஏ.பி.கே.' பைல் வரும். தட்டி ஏற்றிக்கொண்டால் ஓ.டி.பி.யைத் திருடி பாங்க் கணக்கைக் காலி செய்யும். சில சமயம் உங்கள் பெயரிலேயே நண்பர்களுக்கும் போகும்.

பணம் போனது தெரிந்ததும் 1930-க்குப் போன் அடிக்க வேண்டும். அது சைபர் குற்றப் புகார் எண்.