முற்றம் வரை ட்ரோன், அதன்பின் நாம்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள். சுவீடன் நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ட்ரோல்ஹேட்டன் நகரில், 71 வயது முதியவர் ஒருவர் தம் வீட்டின்முன் குவிந்திருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது திடீரெனச் சாய்ந்தார். அவருடைய இதயத்துடிப்பு நின்றுவிட்டது. பணிக்குச் செல்லும் வழியில் அதைக் கண்ட மருத்துவர் ஒருவர், காரை நிறுத்தி ஓடிச்சென்று அவர் மார்பை அழுத்தத் தொடங்கினார். அருகிலிருந்தவரை அவசர எண்ணுக்கு அழைக்கச் சொன்னார். அழைப்புச் சென்று மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு ட்ரோன் பறந்துவந்து, ஒரு கருவியை இறக்கியது. அக்கருவியைக் கொண்டு மருத்துவர் மின்னதிர்வு கொடுத்தார். பின்னர் வந்த ஆம்புலன்ஸ் முதியவரை மருத்துவமனையில் சேர்த்தது. அவர் நலம்பெற்று வீடு திரும்பினார்.

அந்தக் கருவியின் பெயர் ஏ.இ.டி. இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலையில், ஒரு மின்னதிர்வைச் செலுத்தி அதை மீண்டும் ஒழுங்காகத் துடிக்கச் செய்யும் தானியங்கிக் கருவி அது. இதயத்துடிப்பு நின்ற ஒருவருக்கு மார்பு அழுத்தமும் மின்னதிர்வும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், அவர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 10 விழுக்காடு குறைக்கிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் சாலையில்தான் வர வேண்டும். கருவியை மட்டுமாவது வான்வழியே முன்னதாக அனுப்ப முடியாதா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வியாக இருந்தது.

ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் கிளாசன் தலைமையிலான குழு இதற்கு விடை தேடியது. முன்பு பலருக்கு இதயத்துடிப்பு நின்றுபோன ஊர்ப்புற இடங்களைத் தேர்ந்து, அவற்றுக்கு ஒரு ட்ரோனை 18 முறை சோதனையாக அனுப்பினார்கள். 2017-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அவ்விடங்களை அடைய ஆம்புலன்சுக்கு இடைநிலை அளவாக 22 நிமிடங்கள் ஆகியிருந்தன. ட்ரோனுக்கு 5 நிமிடம் 21 நொடிகளே போதுமானதாக இருந்தது.

ஓட்டுநர் அமராத ஊர்தி தன் வழியை எவ்வாறு அறிகிறது? அவசர அழைப்பு வந்த இடத்தின் புவியிடக் குறியீடுகள் முதலில் அதற்குத் தரப்படுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகைகளை ஒப்பிட்டு, தான் இருக்குமிடத்தை அது கணித்துக்கொள்கிறது. தன் உடலின் சாய்வையும் வேக மாற்றத்தையும் உணரிகளால் நொடிதோறும் அளந்து, காற்று தள்ளினாலும் நிலைகுலையாமல் பறக்கிறது. தொலைவிலிருக்கும் விமானி ஒருவர் அதைக் கண்காணிக்கிறார்; வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் இசைவும் பெறப்படுகிறது. இடத்தை அடைந்ததும் ட்ரோன் தரையிறங்குவதில்லை. ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் நின்றவாறே, கயிற்றின் மூலம் கருவியை இறக்குகிறது. சுழலும் இறக்கைகளால் கீழே நிற்பவர்களுக்குத் தீங்கு நேராதிருக்க இந்த ஏற்பாடு.

2020-ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகர்ப்பகுதியில் உண்மையான அவசர அழைப்புகளுக்கே ட்ரோன்கள் அனுப்பப்பட்டன. 12 முறை புறப்பட்டதில் 11 முறை கருவி உரிய இடத்தில் இறங்கியது. குறித்த புள்ளியிலிருந்து சராசரியாக 9 மீட்டர் மட்டுமே விலகியிருந்தது. எந்திரம் தன் பணியைச் செவ்வனே செய்துவிட்டது. ஆனால் அந்த 9 மீட்டரை யார் கடப்பது?

2021 ஏப்ரல் முதல் 2022 மே வரை நடந்த அடுத்த ஆய்வு இக்கேள்வியை நம்முன் வைத்தது. ட்ரோனும் ஆம்புலன்சும் இரண்டுமே வந்துசேர்ந்த 55 நிகழ்வுகளில், 37-இல் ட்ரோனே முந்திக்கொண்டது. இடைநிலை அளவாக 3 நிமிடம் 14 நொடிகள் மிச்சமாயின. அந்த 37 பேரில் 18 பேருக்கு உண்மையாகவே இதயத்துடிப்பு நின்றிருந்தது. அவர்களுள் ஆம்புலன்ஸ் வருமுன் கருவி பொருத்தப்பட்டவர்கள் ஆறு பேர் மட்டுமே. அந்த அறுவரில் இருவருக்கு மின்னதிர்வு தேவைப்படும் நிலை இருந்தது. அவ்விருவரில் ஒருவர் 30 நாள்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்.

மீதிப் பன்னிருவரின் அருகே கருவி வந்து கிடந்தது. அவர்களின் மார்பை அடையவில்லை. இதற்காக உடனிருந்தவர்களைக் குறைகூற இயலாது. கணவர் சாய்ந்துகிடக்க, தனியொருத்தியாக அவர் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும் மனைவியால் கையை எடுத்துவிட்டு வாசலுக்கு ஓட முடியுமா? அந்த நேரத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குச் சிறிதேனும் பழக்கமும் வேண்டும்.

இதய நோயாளியுடன் வாழும் குடும்பத்தினர் இதிலிருந்து அறிய வேண்டியது இதுவே: ட்ரோன் நம் ஊருக்கு வருமா, எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முதல் சில நிமிடங்களின் பணி எந்த நாட்டிலும் உடனிருப்பவர்களுடையதுதான்.

ஒருவர் திடீரெனச் சாய்ந்தால், தோளைத் தட்டி உரக்க அழைத்துப் பாருங்கள். அவர் விழிக்கவில்லை, இயல்பாக மூச்சுவிடவும் இல்லையென்றால், இதயத்துடிப்பு நின்றுவிட்டதாகவே கருதுங்கள். இடைவெளிவிட்டு வாய் திறந்து திணறுவது மூச்சன்று. உடனே 108-ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுங்கள். மார்பின் நடுவே, ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, பெரியவர்களாயின் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் எழ இடம்கொடுங்கள். களைத்தால் மற்றவர் உடனே தொடரட்டும்.

அருகில் ஏ.இ.டி. இருந்தால், அழுத்துபவர் நிறுத்தக்கூடாது. இன்னொருவர் போய் எடுத்துவர வேண்டும். திறந்து இயக்கியதும், செய்ய வேண்டியதைக் கருவியே ஒவ்வொன்றாகச் சொல்லும். ஒட்டுத் தகடுகளை வெற்று மார்பில் ஒட்டியபின், இதயத்தின் நிலையை அதுவே ஆராயும். தேவையில்லாதவருக்கு மின்னதிர்வு கொடுக்காது. ஆகவே தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டா. 'யாரும் தொடாதீர்கள்' என்று அது கூறும்போது மட்டும் அனைவரும் விலகி நில்லுங்கள்.

உங்கள் உறவினர் வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை வாங்கும்போதே, மார்பு அழுத்தும் முறையைச் செய்துகாட்டும்படி செவிலியரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமன்றி இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். அழுத்த ஒருவர், ஓட ஒருவர்.