கடுகண்ணாவை மலையும் பேராதனைப் பேருரைகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் றம்புக்கணையைக் கடந்ததும் வேகங் குறைந்து மலையேறத் தொடங்கும். ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி உயரும் அப்பாதை 1867இல் கண்டியை எட்டியது. ஏற்றத்தின் உச்சியிலே கடுகண்ணாவை. கண்டி வீதியை அமைப்பதில் முன்னின்ற கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் அங்கு நிற்கின்றது. பாறையைக் குடைந்து வழிசமைத்த அக்காலத்தார் கல்லின் வன்மையை நன்கறிவர். மழையில் ஊறிய மண்ணின் வலிமையைக் கணித்தறியும் கலையோ அன்று பிறக்கவேயில்லை.

அக்கலை வளர்ந்த இடங்களுள் ஒன்று கடுகண்ணாவைக்கு அண்மையிலேயே உள்ளது. இலங்கைப் பல்கலைக் கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கு நிகழும் ஆய்வரங்குகள் அறிஞர் அறிஞரோடு வாதிடும் களங்கள். பொதுப் பேருரையோ வேறு வகையினது. வீட்டின் பின்னாலுள்ள மேடு இம்மழைக்கு நிற்குமா என்று சாதாரண குடிமகன் ஒருவன் கேட்டால், அதற்கும் விடை கூறும் கடமை பேருரையாளருக்கு உண்டு.

இவ்வினாவுக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் ஈடுபட்டவருள் ஒருவர் பேராசிரியர் அழகையா துரைராசா (1934–1994). வடமராட்சியில் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். மலையே இல்லாத குடாநாட்டில் பிறந்தவர் மலைச்சரிவுக்கு உதவும் அறிவைத் தேடினார் என்பது சுவையான செய்தியன்றோ! கேம்பிரிட்ஜில் அவர் களிமண்ணையும் மணலையும் பரிசோதித்து, மண் உருக்குலையும்போது செலவாகும் சக்தியில் உராய்வுக்குரியது எவ்வளவு, பருமன் மாற்றத்துக்குரியது எவ்வளவு எனப் பிரித்துக் கணக்கிட்டார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் நிலைபெற்றதாகும்.

மண் சரிவில் நிற்பது, மணிகள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதனாலேயே. மழைநீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பினால், அந்நீரின் அமுக்கம் மணிகளைத் தாங்கத் தொடங்குகிறது; மணிகளுக்கிடையிலான அழுத்தம் குறைய, உராய்வும் குன்றுகிறது. மண்ணின் பாரமோ கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை. நீர் ஆழத்துக்கு ஊறிச் செல்லக் காலம் வேண்டுமாதலின், மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரும் மலை சரியலாம். இதனை அறியாதோர் வெயிலைக் கண்டு வீடு திரும்பி விடுகின்றனர்.

கடுகண்ணாவைக்குத் தென்மேற்கேயுள்ள அரநாயக்கவில் 2016 மே 17ஆம் நாள் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்தன. தோட்ட லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரும், சரிவோரத்துச் சிங்களக் குடியானவரும் இவ்வாபத்தில் ஒரே நிலையினரே. ஆயின் பேருரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. ஆராய்ச்சிக்கு அம்மொழி வேண்டியதே. ஆனால் நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகிய அறிகுறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்குவதற்குத் தடை யாது? மேட்டின் அடியில் மதில் எழுப்புவதோடு நில்லாமல், மேலே வடிகால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும் என்பதைக் கேட்டறிய வேண்டியவர், மண்வெட்டி பிடிக்கும் அம்மக்களே.