பன்னீர் திராட்சைக்கு ஆஸ்திரியாவில் சொந்தம்! விஷம் கலந்த ஒயின் மானம் மீண்ட கதை

திண்டுக்கல்:

சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு பக்கம் போனால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்கும். தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் விற்கும் இந்தக் கறுப்புப் பழத்துக்கு ஐரோப்பாவில் சொந்தபந்தம் உண்டு. தெரியுமா?

இதன் சீமைப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. இரண்டு ரகங்கள் கலந்து பிறந்தது. அதில் ஒன்று 'ஸ்கியாவா கிராஸா'. ஆல்ப்ஸ் மலைப் பகுதியான தென் டைரோலில் விளைவது. முதல் உலகப் போர் முடியும்வரை அந்தப் பகுதி ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது!

ஆக, நம்ம ஊர்ப் பழத்துக்கு ஆஸ்திரியா தூரத்து உறவு. ஆனால் அங்கே ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு ரகம்.

குளிர் ராத்திரி

திண்டுக்கல்லில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து பண்ணினால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். வருஷத்துக்கு 2 வெள்ளாமை. ராத்திரியிலும் உஷ்ணம் குறையாததால் பழத்தில் புளிப்பு இறங்கிவிடும். தின்னத் தித்திப்பு!

ஆஸ்திரியாவில் பனிக்காலம் பூராவும் கொடி தூங்கும். ஒரே ஒரு அறுவடை. டான்யூப் நதிக்கரைச் சரிவுகளில் பகலில் வெயில், ராத்திரியில் குளிர். பழத்தில் புளிப்பு தங்கும். அந்தப் புளிப்புதான் வெள்ளை ஒயினுக்கு உயிர். புளி குறைந்த ரசம் ருசிக்குமா?

மிளகு வாசம்

அந்நாட்டுத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 'குரூனர் வெல்ட்லினர்' என்ற வெள்ளைத் திராட்சை. அந்த ஒயினை மோந்தால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசத்தோடு லேசாக மிளகு நெடி வரும். மிளகுக்கு நெடி கொடுக்கும் 'ரோட்டண்டோன்' என்ற பொருளே இதிலும் இருப்பதுதான் காரணம்.

ருசி பார்க்கிறவர்கள் மடக்கென்று குடிப்பதில்லை. 8 முதல் 10 டிகிரி வரை குளிரவைத்து, கிளாசின் காம்பைப் பிடித்து, முதலில் மோந்து பார்க்கிறார்கள். பிறகு ஒரு வாய். நாக்கில் சற்று நிறுத்தி விழுங்குகிறார்கள்.

நுரைக்கும் ஒயினுக்கு அங்கே 'செக்ட்' என்று பெயர். உயர்ந்த ரகத்தைப் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைக்கிறார்கள். உள்ளே அடைபடும் வாயுவின் அழுத்தம் கார் டயரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! கார்க்கை முகத்துக்கு நேராகத் திறந்தால் கண் போய்விடும்.

விஷக் கலப்படம்

இத்தனை பேர் வாங்கிய நாடு 1985-ல் தலைகுனிந்தது.

இனிப்பு ஒயினுக்கு ஜெர்மனியில் நல்ல விலை. அதற்கு ஆசைப்பட்ட சில வியாபாரிகள் மட்டமான ஒயினில் 'டை எத்திலீன் கிளைக்கால்' என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். குட்டு வெளிப்பட்டதும் பல நாடுகள் ஆஸ்திரிய ஒயினுக்குத் தடை போட்டன. புட்டிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. தப்பு செய்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஏற்றுமதி பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. கலப்படமே செய்யாத விவசாயியும் சேர்ந்து அடிபட்டான்.

அதே ஆண்டு கடுமையான சட்டம் வந்தது. இன்று தரமான ஒயின் அரசாங்கப் பரிசோதனையில் தேறவேண்டும். பரிசோதனை எண் லேபிளில் இருக்கவேண்டும். மூடியில் சிவப்பு - வெள்ளை - சிவப்புப் பட்டை. அதைப் பார்த்துத்தான் உலகம் மறுபடி நம்பி வாங்குகிறது.

இது ஏதோ சீமைச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்தில் இருந்ததும் இதே ரசாயனம்தான். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

கிறிஸ்துமஸ் சமயத்தில் 'வீட்டு ஒயின்' என்று லேபிளே இல்லாத புட்டி கைக்கு வரலாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவும் ஆள் கிடையாது.

பூட்டு வாங்கினால்கூட நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஊர் திண்டுக்கல். வாயில் ஊற்றுகிற புட்டிக்கு, அது மருந்தானாலும் சரி, அந்த ஜாக்கிரதை வேண்டாமா?