பத்து நாள் வகுப்பு, ஆறு மாதக் கடிதம்

கவிஞர் எலன் பிரையன்ட் வொய்ட், 1976இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த கோடார்ட் கல்லூரியில் புதுவகையான முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். கதையும் கவிதையும் எழுதக் கற்க வருகிறவர்கள் வேலையை விட வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை வந்து சில நாள் தங்கினால் போதும். மற்ற நாளெல்லாம் வீட்டில் எழுத்து, ஆசிரியரோடு தபாலில் உரையாடல்.

அதுவரை இத்தகைய பட்டம் வேண்டுமென்றால் அயோவா சிட்டி போன்ற பல்கலைக்கழக ஊருக்கே குடிபோக வேண்டும். இருபத்தைந்து வயதில், தனி ஆளுக்கு அது சரிப்படும். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் என்ன செய்வார்? நாற்பது வயதுப் பள்ளி ஆசிரியர் என்ன செய்வார்? வொய்ட்டின் ஏற்பாடு இவர்களுக்குப் பொருந்தியது. குடிபெயரத் தேவையில்லை என்பதால் நல்ல எழுத்தாளர்களும் ஆசிரியர்களாக வந்தார்கள். ரேமண்ட் கார்வர் அங்கே கற்பித்தார். பின்னாளில், 2020இல், நோபல் பரிசு பெற்ற லூயிஸ் க்ளிக்கும் கற்பித்தார்.

கோடார்டுக்குப் பணநெருக்கடி வந்தபோது, 1981இல் இந்தப் படிப்பு வட கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம் மாறியது. அங்கே ஜனவரியிலும் ஜூலையிலும் பத்துப் பத்து நாள் கூடுகிறார்கள். விரிவுரை கேட்கிறார்கள், ஒருவர் எழுதியதை எல்லாரும் படித்து வந்து விவாதிக்கிறார்கள், படைப்புகளை வாசிக்கிறார்கள். கலைவதற்கு முன் ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து, அடுத்த ஆறு மாதத்தில் எதை எழுதுவது, எந்தெந்த நூல்களைப் படிப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

உண்மையான படிப்பு ஊர் திரும்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாணவர் ஒரு 'பாக்கெட்' அனுப்புகிறார். புதிய பக்கங்கள், திருத்திய பக்கங்கள், படித்த நூல்களைப் பற்றிய சிறு கட்டுரைகள், ஒரு கடிதம் எல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் பல பக்கங்களில் பதில் எழுதுகிறார். ஒருவருக்கு மூன்று நான்கு மாணவர்களே என்பதால் இது முடிகிறது.

இந்தப் படிப்பின் உயிர் அந்தப் பதில் கடிதம். எல்லாரும் கூடி விவாதிக்கும் பட்டறையில் பத்துப் பேர் பத்துவிதமாகச் சொன்னால், எல்லாரையும் திருப்திப்படுத்தவே எழுதுகிறவருக்குத் தோன்றும். ஆறு மாதம் விடாமல் படிக்கும் ஒரே வாசகருக்கோ, எழுதுகிறவரின் பழக்கங்கள் பிடிபட்டுவிடும். கதை ஏன் எப்போதும் இரண்டாம் பக்கத்தில்தான் உயிர் பெறுகிறது, பெண் பாத்திரங்கள் ஏன் பேசுவதே இல்லை என்று அவரால் கேட்க முடியும். இதற்கு ஈடான உதவி எழுத வருகிறவருக்கு வேறில்லை.

பாக்கெட்டில் வரும் சிறு கட்டுரைகள் மதிப்புரைகள் அல்ல. ருஷ்ய எழுத்தாளர் செகாவ் பத்து ஆண்டுகளை ஒரே பத்தியில் எப்படிக் கடக்கிறார் என்பது போன்ற ஒரே ஒரு நுட்பத்தை எடுத்து ஆராய வேண்டும். வாசிப்புக்கு அவ்வளவு இடம் உண்டு. இதே முறையில் 1994இல் தொடங்கிய பென்னிங்டன் கல்லூரிப் படிப்பின் முழக்கமே நூறு புத்தகம் படி, ஒன்று எழுது என்பதுதான்.

கஷ்டங்களும் உண்டு. முழுநேர மாணவர்களில் பலருக்கு இளநிலை வகுப்பெடுக்கும் வேலையும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து படிக்கும் இவர்களில் பெரும்பாலோர் கைப்பணத்திலோ கடன் வாங்கியோதான் கட்டணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியராக இந்தப் பட்டம் தகுதி தரும், வேலையை உறுதி செய்யாது.

ஆசியாவிலிருந்து போகிறவருக்கு விசாவும் விமானக் கட்டணமும் சேரும். அதனால்தான் 2010இல் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழகம், ஆங்கிலத்தில் எழுதும் ஆசியர்களை மனத்தில் வைத்து இதே முறையில் ஒரு படிப்பைத் தொடங்கியது பெரிய செய்தியாக இருந்தது. நாவலாசிரியர் சூ ஷி அதை நடத்தினார். 2015இல் அதை மூடப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தபோது மாணவர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், முடிவு மாறவில்லை.