பள்ளிக்கு ஒரு வாக்கு, வீட்டுக்கு ஒரு வரி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கு இலையுதிர் காலத்தில் இரண்டு காகிதங்கள் தபாலில் வருகின்றன. ஒன்று சொத்து வரிச் சீட்டு. அதன் முதல் தவணையை டிசம்பர் 10-ஆம் நாளுக்குள் கட்டியாக வேண்டும். மற்றொன்று, தேர்தல் நடக்கும் ஆண்டானால், வாக்காளர் கையேடு. வேட்பாளர்களைப் பற்றி மட்டுமே அதில் எழுதியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டா. 'இவ்வூர்ப் பள்ளிக் கட்டடங்களைச் செப்பனிடக் கடன் வாங்கலாமா? அக்கடனை அடைக்க உங்கள் வீட்டின்மேல் இவ்வளவு வரி போடலாமா?' என்னும் கேள்வியும் அதில் இருக்கக்கூடும். வாக்காளர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்ல வேண்டும். இந்த இரு காகிதங்களுக்கும் இடையே உள்ள உறவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கேள்வி கேட்பது 'பள்ளி மாவட்டம்' என்னும் அமைப்பு. மாணவ நேயர்கள் கலெக்டர் ஆளும் மாவட்டத்தை மனத்தில் கொள்ளலாகாது. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுத்து அமைத்த உள்ளாட்சி அது. அதன் குழு உறுப்பினர்களைப் பெரும்பாலும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியரை அமர்த்துவதும் கட்டடம் எழுப்புவதும் அதன் பொறுப்பு. அதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி, நெடுங்காலம், அவ்வெல்லைக்குள் இருந்த வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் வரியிலிருந்தே வந்தது. எனவே ஊரின் செல்வம் எவ்வளவோ அவ்வளவே பள்ளியின் செல்வம் என்றாயிற்று.

அதன் விளைவை அறிய இரண்டு ஊர்களைப் பார்ப்போம். பால்ட்வின் பார்க், பெவர்லி ஹில்ஸ் ஆகிய இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவையே. 1968-69-ஆம் கல்வியாண்டில் பால்ட்வின் பார்க் மக்கள், வரிக்காக மதிப்பிட்ட சொத்தில் நூறு டாலருக்கு 5 டாலர் 48 சென்ட் பள்ளி வரி செலுத்தினார்கள். பெவர்லி ஹில்ஸ் மக்கள் செலுத்தியதோ 2 டாலர் 38 சென்ட். அதிகம் செலுத்திய ஊரில்தானே பள்ளி சிறந்திருக்க வேண்டும்? நடந்தது நேர் எதிர். முதல் ஊரில் ஒரு மாணவனுக்குச் செலவிட முடிந்தது 577 டாலர். இரண்டாம் ஊரில் 1,232 டாலர். பால்ட்வின் பார்க்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னே நின்ற வரிச் சொத்தின் மதிப்பு 3,706 டாலர். பெவர்லி ஹில்ஸில் 50,885 டாலர். வறிய ஊர் தன்னை எவ்வளவு பிழிந்துகொண்டாலும் செல்வ ஊர் சிறு விரலால் தொடும் உயரத்தை அதனால் எட்ட முடியவில்லை.

ஜான் செரானோ முதலிய பெற்றோர் தொடுத்த வழக்கில் இந்தக் கணக்கு மாநில உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. ஒரு குழந்தையின் கல்வி அதன் பெற்றோரும் அண்டை வீட்டாரும் பெற்றுள்ள செல்வத்தைப் பொறுத்திருப்பது முறையன்று என்னும் கொள்கையை நீதிமன்றம் 1971-இல் ஏற்றது. 1976-இல் மீண்டும் உறுதி செய்தது. ஊர்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கடமை மாநிலத்தின்மேல் விழுந்தது.

இதற்கிடையே வீட்டுக்காரர்களின் மனக்குறையும் வளர்ந்து வந்தது. வீடுகளின் விலை மளமளவென்று ஏறியது. விலை ஏற, வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரின் வருமானம் மட்டும் அப்படியே நின்றது. தாம் வாழும் வீட்டின் விலை கூடியதால் அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அந்தச் சினமே 1978 ஜூன் மாதத்தில் 13-ஆம் பிரேரணையாக வெடித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் அதை ஆதரித்தார்கள். அதன்படி, அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. மதிப்பும் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்குமேல் உயரக் கூடாது. வீடு கை மாறும்போதுதான் புது விலைக்குப் புது மதிப்பு.

அன்றுமுதல் பள்ளி மாவட்டம் தன் விருப்பம்போல் வரி விகிதத்தை உயர்த்த இயலாது. அன்றாடச் செலவுக்கு உரிய பணத்தில் பெரும்பங்கும் மாநிலத்தின் கணக்குப்படியே வருகிறது. மேற்கொண்டு வேண்டுமானால் வாக்காளரைக் கேட்பதே வழி. அதற்கு முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்று மனை வரி: பெரும்பாலும் மனைக்கு இத்தனை டாலர் என்று ஒரே தொகை. மாளிகையும் சிறு வீடும் ஒன்றே கட்டும். ஆசிரியர் சம்பளத்துக்கும் அதைச் செலவிடலாம். ஆனால் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும்.

மற்றொன்று கடன் பத்திரம். பல இடங்களில் பேச்சாக இருப்பது இதுதான். மாவட்டம் பத்திரம் விற்றுக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டும். முதலையும் வட்டியையும் வீட்டுக்காரர்கள் பல ஆண்டுகள் வரியாகக் கட்டித் தீர்ப்பார்கள். இப்பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாகாது. முன்பு இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் நிறைவேறிய 39-ஆம் பிரேரணை, நூற்றுக்கு ஐம்பத்தைந்து போதும் என்று வழி திறந்தது. அதற்கு ஈடாக, பணிகளின் பட்டியல், ஆண்டுத் தணிக்கை, குடிமக்களின் கண்காணிப்புக் குழு ஆகியவற்றைக் கட்டாயமாக்கினார்கள். வரிக்கும் ஒரு வரம்பு வந்தது: தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் சேர்ந்த மாவட்டமானால், ஒரு தேர்தலில் வாங்கும் கடனுக்கான வரி, மதிப்பில் லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 60 டாலரைத் தாண்டாது என்று மதிப்பிட்டிருக்க வேண்டும்.

அறுபது டாலர் என்றால் எல்லார்க்கும் ஒரே சுமை என்று தோன்றும். ஒரே தெருவில் ஒரே அளவான இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் வீட்டை 1980-இல் 80,000 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் முழு இரண்டு விழுக்காடு உயர்ந்திருந்தாலும் 2020-இல் அதன் மதிப்பு ஏறக்குறைய 1,76,600 டாலர். அடுத்த வீட்டை ஓர் இளங்குடும்பம் 2020-இல் 6,00,000 டாலருக்கு வாங்கியதாகக் கொள்வோம். அடிப்படை வரியில் முதல்வர் கட்டுவது ஏறக்குறைய 1,766 டாலர். இளங்குடும்பம் கட்டுவது 6,000. பள்ளிக் கடனுக்காக முதல்வர் தருவது ஏறத்தாழ 106 டாலர். அவர்கள் தருவது 360. வீடு ஒன்றுபோல், தெரு ஒன்று, பள்ளி ஒன்று. வாங்கிய ஆண்டு மட்டும் வேறு. முதியவரைக் காக்க எழுந்த சட்டம் இளையவர் தோளில் சுமையை ஏற்றிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. ஆயினும் 1978-இல் அவர்கள் பட்ட அச்சம் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால்ட்வின் பார்க்கின் பழைய வழக்கும் கட்டட வகையில் முற்றும் தீரவில்லை. ஒரு மாவட்டம் எவ்வளவு கடன்படலாம் என்பதற்கு அளவுகோல் அதன் சொத்து மதிப்பே. மேற்சொன்ன வகை மாவட்டத்துக்கு அது நூற்றுக்கு இரண்டரை. சொத்து பெருத்த ஊர் சிறு விகிதத்தில் பெருந்தொகை திரட்டும். சொத்து சிறுத்த ஊர் முழு வரம்பைத் தொட்டும் கூரையை மட்டும் மாற்றி நிற்கும். மாநிலமும் கட்டடத்துக்குப் பங்கு தருகிறது. ஆனால் பொதுவாக ஊர் தன் பங்கை முன்வைத்தாக வேண்டும்.

இனி, வாக்களிப்பவர் யார்? வீட்டுக்காரர் மட்டும் அல்லர். அவ்வெல்லைக்குள் வாழும் பதிவுபெற்ற வாக்காளர் அனைவரும். வாடகைக்குக் குடியிருப்பவரும் வாக்களிப்பார். அவர் பெயருக்கு வரிச் சீட்டு வராது, வாடகையில் அது மறைந்து வரலாம். அங்கே வீடு வைத்துக்கொண்டு வேற்றூரில் வாழ்பவர் வரி கட்டுவார். வாக்கு அவருக்கு இல்லை. நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர் 'ஆம்' என்றாலும் கடன் பத்திரம் தோற்கும். வென்றாலோ, பத்திரங்களை விற்றபின் வரும் சொத்து வரிச் சீட்டில், அந்த ஒரு விழுக்காட்டு வரிக்குக் கீழே, பள்ளி மாவட்டத்தின் பெயரோடு புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும்.